காக்காவுக்கு வச்ச சோறும் மச்சுக்கு வந்த ரக்கூனும்

எங்க வீட்ல காலையில காக்காவுக்கு சோறு வைக்காம யாரும் தட்டு முன்னாடி உக்கார மாட்டாங்க, அது மாமியார் வீட்டு வழக்கம், கல்யாணம் ஆகி வந்ததுல இருந்து எனக்கும் பழகிப்போச்சு, ஜெர்மனிக்கு வந்த பிறகும் விடல. நாங்க இருக்குறது காஸெல் ஊர்ல, மேற்குப் பக்கம், ஹெர்குலஸ் சிலை நிக்குற மலைக்கு அடிவாரத்துல. பழைய ஓட்டு வீடு, வாடகைக்கு. பின்னாடி சின்ன தோட்டம், ஒரு பிளம் மரம், அதுக்கு அந்தாண்ட நாலஞ்சு தெரு தாண்டுனா ஹாபிஷ்ட்ஸ்வால்ட் காடு ஆரம்பிச்சிடும். இங்கயும் காக்கா இருக்கு, நம்மூர் காக்கா மாதிரி கழுத்துல சாம்பல் இருக்காது, முழுக் கறுப்பு, ஆளக் கண்டா கொஞ்சம் தள்ளியே நிக்கும்.

2021 செப்டம்பர்ல அத்தை மூணு மாசம் தங்கிட்டுப் போக வந்தாங்க. அக்டோபர் ஆறாம் தேதி மகாளய அமாவாசை, மாமாவுக்கு படையல் போட்டு ஒரு தட்டு நிறைய சோறு, சாம்பார், வடை, பாயசம் எல்லாம் வச்சு தோட்டத்து மேடையில வச்சிட்டு கா கான்னு கூப்பிடுறாங்க, மத்தியானம் வரைக்கும் ஒரு காக்காவும் வரல. அத்தை மனசு ஒடஞ்சு போயிட்டாங்க. எடுத்து உள்ள வைக்கவும் மனசு வரல, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டோம். மறுநாள் காலையில பாத்தா தட்டு கழுவி வச்ச மாதிரி சுத்தமா இருக்கு, ஒரு பருக்கை இல்ல, தட்டு மேடையில இருந்து புல்லுல கவுந்து கெடக்கு. அத்தை கண்ணுல தண்ணி. "பாத்தியா, ராத்திரியே வந்து சாப்ட்டுட்டு போயிருக்காரு"ன்னாங்க. அந்த முகத்தப் பாத்துட்டு நான் வேற எதுவும் யோசிக்கல, யோசிச்சிருக்கணும்.

அதுக்கப்புறம் அத்தை தெனமும் ராத்திரி ஒரு கிண்ணம் சோறு வைக்க ஆரம்பிச்சாங்க, தெனமும் காலியாச்சு. ரெண்டு வாரம் கழிச்சு என் பொண்ணுதான் மொதல்ல பாத்தா, அப்ப அவளுக்கு அஞ்சு வயசு, பாத்ரூம் ஜன்னல்ல ஏறி நின்னுட்டு அம்மா அம்மா மேடையில ஒரு திருடன் உக்காந்திருக்கான்னு கூப்பிடுறா. போய்ப் பாத்தா கண்ணச் சுத்தி கறுப்பு முகமூடி கட்டுன மாதிரி, வால்ல வளையம் வளையமா, ரெண்டு கையாலயும் கிண்ணத்த புடிச்சிக்கிட்டு சோத்த அள்ளித் திங்குது. அத்தைக்கு ஊரு நாகர்கோவில் பக்கம். "நம்ம மரநாய் மாதிரில்ல இருக்கு, எங்க பழைய வீட்டு மச்சுல குடும்பமே நடத்துச்சு"ன்னு சிரிச்சாங்க.

அது ரக்கூன். பாக்க மரநாய் சாயல் இருக்குறது உண்மைதான், ஆனா மரநாய் நம்மூர்லயே பொறந்த ஜீவன், நம்ம பனைமரத்துக்கும் பழத்துக்கும் ஆயிரக்கணக்கான வருஷப் பழக்கம் உள்ளது. ரக்கூன் ஐரோப்பாவுக்கு சொந்தமே கெடையாது. அது வட அமெரிக்காவோட பிராணி, இங்க கொண்டு வந்து விட்டது மனுஷன். சீமைக்கருவேலத்த ஒரு காலத்துல நல்லதுன்னு நெனச்சு விதைச்ச கதைதான்.

அத எங்களுக்கு விவரமா சொன்னது பக்கத்து வீட்டு பாட்டி, எண்பது வயசுக்கு மேல, இந்த ஊர்லயே பொறந்து வளந்தவங்க. காஸெல்ல இருந்து 40 கிலோமீட்டர் சுத்துக்குள்ளதான் எடர்ஸேன்னு பெரிய அணை ஏரி இருக்கு. 1934 ஏப்ரல் 12 அன்னைக்கு அந்த ஏரிக்கரைக் காட்டுல ரெண்டு ஜோடி ரக்கூன விட்டாங்க. கோழியும், ரோமத்துக்காக ரக்கூனும் வளத்துக்கிட்டு இருந்த ஒருத்தர் கேட்டுக்கிட்டதால வனத்துறை அதிகாரி ஒருத்தர் செஞ்ச வேலை, நம்ம காட்டுக்கு புதுசா ஒரு பிராணி சேந்தா நல்லதுதானேங்குற எண்ணம். ஹிட்லர் ஆட்சியில இருந்த கோரிங் உத்தரவு போட்டுதான் விட்டாங்கன்னு இங்க நிறைய பேர் இன்னமும் சொல்வாங்க, அது கட்டுக்கதை. அப்புறம் 1945ல பெர்லினுக்கு கிழக்க ஒரு ரோமப் பண்ணை மேல குண்டு விழுந்து அங்கருந்தும் இருபது இருபத்தஞ்சு தப்பிச்சு ஓடிச்சு. பெரும்பாலும் இந்த ரெண்டு எடத்துல இருந்து கெளம்புனதுதான் இன்னைக்கு நாடு பூரா பரவி, வருஷத்துக்கு 2 லட்சத்துக்கும் மேல வேட்டைக்காரங்க சுட்டும் புடிச்சும் கொறையாத அளவுக்கு பெருகி நிக்குது. காஸெல் ஊருக்குள்ள மட்டும் சதுர கிலோமீட்டருக்கு 100 வரைக்கும் இருக்கும்னு சொல்றாங்க. பாட்டி சொன்னாங்க, என் சின்ன வயசுல ஒண்ணு கண்ணுல பட்டா தெருவே கூடும், இப்ப கண்ணுல படலன்னாதான் ஆச்சரியம்னு. அதோட நிறுத்தாம எங்க மேடையக் காட்டி, நீங்க சோறு வைக்கிறது எனக்குத் தெரியும், தயவு பண்ணி நிறுத்துங்க, இல்லன்னா வசந்த காலத்துல அது உங்க தலைக்கு மேல குடியிருக்கும்னும் சொன்னாங்க.

நான் அத்தை கிட்ட சொன்னேன், "அத்தை, ராத்திரி வெளிய வைக்க வேணாம்". அவங்க "வாயில்லா ஜீவன் பசியோட வருது, அதுக்கு ஒரு கைப்பிடி சோத்த மறைக்கச் சொல்றியாம்மா"ன்னு கேட்டாங்க. அந்தக் கேள்விக்கு அன்னைக்கு என் கிட்ட பதில் இல்ல. இன்னைக்கு இருக்கு, அதத்தான் எழுத வந்தேன்.

டிசம்பர்ல அத்தை ஊருக்குப் போயிட்டாங்க, நானும் ராத்திரி சோறு வைக்கிறத நிறுத்திட்டேன், ஆனா அதுக்குள்ள எங்க தோட்டம் அதோட வழியில ஒரு கடை ஆயிடிச்சு. ரக்கூனுக்கு ஞாபக சக்தி பயங்கரம். சோறு இல்லன்ன ஒடனே கழிவு போடுற டப்பாவ தொறக்க ஆரம்பிச்சது. ஜெர்மன்ல இதுக்குப் பேரு வாஷ்பேர், கழுவுற கரடின்னு அர்த்தம், லத்தீன் பேருலயும் கழுவுறதுங்குற அர்த்தம்தான் வருது, ஆனா அது சுத்தத்துக்காக கழுவுறதில்ல. அதுக்கு கண்ண விட கைதான் முக்கியம், ஓடைத் தண்ணிக்குள்ள கைய விட்டு தடவித் தடவியே நண்டு, பூச்சி, தவளையெல்லாம் புடிக்கிற பிராணி, கை நனைஞ்சா தொடு உணர்ச்சி இன்னும் கூடும். கூண்டுல வளத்தா தீனிய தண்ணில முக்கிப் பாக்குறது அந்தப் பழக்கம்தான். அப்படிப்பட்ட கை ஒரு டப்பா மூடிக்கு எம்மாத்திரம். மேல கல்லு வச்சேன், தள்ளிடிச்சு. கொக்கி போட்டேன், ரெண்டு ராத்திரி தாங்குச்சு. கடைசியில தாங்கினது ரப்பர் பெல்ட்தான், சாமான் கட்டுறதுக்கு விப்பாங்களே, அத மூடிக்கு மேல இறுக்கிக் கட்டி, டப்பாவ வேலியில இருந்தும் சுவத்துல இருந்தும் அரை மீட்டருக்கு மேல தள்ளி வச்சேன், மேல ஏறி நின்னு நெம்ப எடம் குடுக்கக் கூடாது, அதான் விஷயம்.

பிப்ரவரியில மச்சுல சத்தம். மச்சுன்னா நம்ம படுக்கை ரூமுக்கு மேல, ஓட்டுக்கு அடியில இருக்குற வெத்து எடம். மொதல்ல எலின்னு நெனச்சோம், ஆனா எலி நடந்தா சொறசொறன்னு கேக்கும், இது ஒரு சின்ன ஆள் செருப்பில்லாம நடக்குற மாதிரி தொம் தொம்னு. இது இணை சேர்ற சீசன், ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும், சினைக்காலம் ஒம்பது வாரம், ஏப்ரல்ல குட்டி. இதெல்லாம் எனக்கு அப்ப தெரியாது. எப்படி ஏறுச்சுன்னும் தெரியாது. பின்னாடி தெரிஞ்சது, வீட்டு மூலையில கூரைத் தண்ணி எறங்குற பைப்ப ரெண்டு கையாலயும் கட்டிப் புடிச்சு தென்னை மரம் ஏறுற மாதிரி ஏறிடும், மேல போய் ஓரத்து ஓட்ட நெம்பி தூக்கிட்டு உள்ள போயிடும். ஏழெட்டு கிலோ இருக்குற பிராணி, ஆனா ஒரு பத்து சென்டிமீட்டர் சந்து இருந்தா போதும் அதுக்கு.

வீட்டு ஓனருக்கு போன் பண்ணேன், இன்னைக்கு நாளைக்குன்னு ரெண்டு மாசம் போச்சு. ஏப்ரல் கடைசியில கூரை வேலை செய்றவர அனுப்புனாங்க. அவர் பகல்ல வந்தாரு, ஓட்டையப் பாத்தாரு, உள்ள டார்ச் அடிச்சாரு, ஒண்ணும் கண்ணுக்குப் படல, ஓட்ட மாத்தி கீழ கம்பி வலை வச்சு திருகாணி போட்டு அரை மணி நேரத்துல முடிச்சிட்டாரு. இன்னைக்கே அடைங்கன்னு அவசரப்படுத்துனது நானு. மூணு மாசமா தூக்கம் இல்ல, அதுதான் என் பக்கத்து நியாயம், ஆனா அந்த அவசரத்துக்கு நடந்தத நெனச்சா இன்னமும் நெஞ்சு கனக்குது.

அன்னைக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல மச்சுக்குள்ள ஒரு சத்தம், குருவிக்குஞ்சு மாதிரியும் இல்ல, பூனைக்குட்டி மாதிரியும் இல்ல, கீச்சு கீச்சுன்னு மெல்லிசா, விடாம. நாங்க ரெண்டு பேரும் படுக்கையில எழுந்து உக்காந்து ஒருத்தர ஒருத்தர் பாக்குறோம். அப்பதான் புரிஞ்சது உள்ள குட்டி இருக்கு, அம்மா பகல்ல வேற எங்கயோ படுத்திருந்திருக்கு, இப்ப வெளிய நிக்குது. அதுக்கப்புறம் நடந்தது ஒரு ரெண்டு மணி நேரம். அந்த அம்மா புது ஓட்ட விட்டுட்டு பக்கத்து பழைய ஓடெல்லாம் ஒவ்வொண்ணா பேத்துச்சு, கீழ கல்லுத் தரையில ஓடு விழுந்து ஒடையிற சத்தம் தெரு பூரா கேக்குது, என் வீட்டுக்காரர் ஏணி எடுத்துட்டுப் போயி நானே வலையப் பிரிக்கிறேன்னு கெளம்பிட்டாரு, இருட்டுல கூரையில, குட்டியத் தேடுற தாய் கிட்ட போக வேணாம்னு நான் கையப் புடிச்சு நிறுத்திட்டேன். ஒரு மணி வாக்குல சந்து கெடச்சு உள்ள போயிடிச்சு. கழுத்துல கவ்வி ஒவ்வொண்ணா வெளிய தூக்கப் பாத்திருக்கு போல, ஒடஞ்ச ஓட்டு முனை, குறுகலான வழி. காலையில பாப்பா ஸ்கூலுக்கு கெளம்பும்போது பைப்புக்கு கீழ கல்லு மேல ஒரு குட்டி கெடந்துச்சு. உள்ளங்கையில அடங்குற அளவு, கண்ணு அப்பதான் தொறக்க ஆரம்பிச்சிருக்கு, அந்த வயசுலயே முகத்துல முகமூடி இருந்துச்சு. பாப்பா ஒண்ணுமே கேக்கல. சாயங்காலம் வந்து, நாம சோறு வச்சதாலதான அம்மா அது இங்க வீடு கட்டுச்சுன்னு கேட்டா.

ஆமான்னு சொன்னேன். அதத் தவிர வேற பதில் இல்ல.

அன்னைக்கே வனவிலங்கு விஷயமா ஆலோசனை சொல்ற ஒருத்தர புடிச்சுப் பேசுனேன், அவர் சொன்னத அப்படியே சொல்றேன், யாருக்காவது ஒதவும். மார்ச்ல இருந்து ஆகஸ்ட் முடியுற வரைக்கும் கூரை ஓட்டைய அடைக்கவே கூடாது. ஆள் இல்லன்னு உறுதியாத் தெரிஞ்சாலொழிய. குட்டி உள்ள மாட்டிக்கிட்டா பட்டினில சாகும், தாய் கூரையவே பிரிக்கும், ரெண்டுல எது நடந்தாலும் ஜீவனுக்கும் பாவம் உங்களுக்கும் நஷ்டம். ஒரு தாய் ரக்கூனுக்கு ஒரே வீடு கெடையாது, அக்கம்பக்கத்துல நாலஞ்சு எடம் வச்சிருக்கும், ஒரு எடம் புடிக்கலன்னா குட்டிய அதுவே தூக்கிட்டுப் போயிடும், நீங்க பண்ண வேண்டியது அந்த எடத்த அதுக்குப் புடிக்காம ஆக்குறது, அவ்வளவுதான். மச்சுல ஒரு பல்பு ராத்திரி பகல் எரியட்டும், ரேடியோல பேச்சு நிகழ்ச்சி ஓடட்டும், பாட்ட விட மனுஷக் குரலுக்குதான் அது ஒதுங்கும்னாரு. கூண்டு வச்சு புடிச்சு காட்டுல கொண்டு போய் விட்டுடலாமான்னு கேட்டேன், நம்மாளுங்க எல்லாரும் கேக்குற கேள்வி அது. முடியாது. புடிக்கிறதுக்கே அதுக்குன்னு அனுமதி உள்ளவங்கதான் புடிக்கணும், அதோட 2016ல ஐரோப்பிய யூனியன் தன்னோட ஆக்கிரமிப்பு உயிரினப் பட்டியல்ல ரக்கூன சேத்துடிச்சு, வளக்கவோ விக்கவோ வெளிய விடவோ கூடாது. அதனால கூண்டுல ஏறுன ரக்கூனுக்கு பெரும்பாலும் சாவுதான். கூண்டு வைங்கன்னு சொல்றவங்க இதத் தெரிஞ்சு சொல்லணும்.

அப்ப ஊர்ல இருக்குறத எல்லாம் சுட்டுத் தள்ளிட்டா தீந்துடாதான்னு எங்க தெருவுலயே ஒருத்தர் கேட்டாரு. கொறஞ்ச எடத்துல மிஞ்சினதுங்க சீக்கிரமா குட்டி போட ஆரம்பிச்சிடும், ஒரு வயசுப் பொட்டையே சினையாகும், பக்கத்துக் காட்டுல இருந்தும் புதுசா வந்து எடத்த நிரப்பும். இந்த நாட்டுல இருந்து அத முழுசா எடுக்குற காலம் போயிடிச்சுன்னு வேட்டைக்காரங்களே ஒத்துக்குறாங்க. அதுக்காக அத அப்படியே விடுறதும் சரியில்ல. வசந்தத்துல தவளையும் தேரையும் முட்டை போட குளத்துக்கு வரும்போது கரையிலயே உக்காந்து ஒவ்வொண்ணா புடிச்சு, தோல்ல விஷம் இருக்குற தேரைய தோலுரிச்சுத் திங்குது, மஞ்சள் வயிறு தேரைன்னு இங்க ஏற்கனவே அருகிப்போன ஒரு இனம், அதுக்கு பெரிய அடி. ஃப்ராங்க்ஃபர்ட் பல்கலைக்கழகத்துல இத ஆராயுறதுக்குன்னே ஒரு திட்டம் நடத்துனாங்க. எவ்வளவு பாதிப்பு, சுடுறதால பலன் உண்டா இல்லையாங்குறதுல விஞ்ஞானிங்களுக்குள்ளயே ஒத்துப்போகல. அந்தக் குளங்கள்ல காவல் அவசியம்னுதான் எனக்குத் தோணுது. ஊருக்குள்ள நம்ம கையில இருக்குறது வேற ஒண்ணு, சோறும் எடமும். ஒரு தாய்க்கு வருஷத்துக்கு மூணு நாலு குட்டி, அதுல எத்தன பொழைக்குதுங்குறத நம்ம குப்பையும் நம்ம மச்சும் சேந்துதான் முடிவு பண்ணுது. நான் வைக்கிற ஒரு கைப்பிடி இங்க ஒரு குட்டிய வளக்கும், அது அங்க ஒரு குளத்தக் காலி பண்ணும், இல்லன்னா ரோட்டுல அடிபடும், இல்லன்னா கூண்டுல ஏறும். அத்தை கேட்ட கேள்விக்கு இதான் என் பதில், போன்ல அவங்க கிட்ட இப்படியே சொன்னேன், ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல.

மிச்சம் ரெண்டு குட்டியும் தாயும் எங்க மச்சுலயே இருந்துச்சுங்க. ரேடியோவும் பல்பும் ஜூன் கடைசியில, குட்டி தாய் பின்னாடி நடக்குற வயசு வந்த பிறகுதான் வச்சோம். அதுவரைக்கும் ஒடஞ்ச ஓட்டு மேல ஒரு தார்ப்பாய், வழிய மட்டும் விட்டு. ஓனருக்கு கோவம், நீங்க சோறு வச்சீங்கன்னு பக்கத்துல எல்லாருக்கும் தெரியும், செலவு உங்களோடதுன்னாங்க. நான் ரெண்டு மாசம் போன் பண்ணேன் நீங்க ஆள் அனுப்பலன்னு நாங்க. இன்சூரன்ஸ்ல இது வராதுன்னு கைய விரிச்சிட்டாங்க. கடைசியில பாதிப் பாதி, எங்க பங்கு மட்டும் 1,400 யூரோ. இந்த ஊர்ல வீடு பாக்குறவங்களுக்கு சொல்றேன், கையெழுத்துக்கு முன்னாடி மச்சுல ஏறிப் பாருங்க, ரக்கூன் வந்தா யார் செலவுன்னு எழுத்துல கேளுங்க, இங்க அது சாதாரணக் கேள்விதான்.

ஜூலை நடுவுல சத்தம் நின்னுச்சு. போயிடிச்சா, இல்ல அமைதியா இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? ஓட்டையில பேப்பர சுருட்டி லேசா அடச்சு வைங்க, மூணு ராத்திரி கலையாம இருந்தா ஆள் இல்லன்னு அந்த ஆலோசகர் சொல்லியிருந்தாரு. நான் அதோட இன்னொண்ணும் செஞ்சேன். அத்தை விட்டுட்டுப் போன கோலப்பொடி ஒரு பொட்டலம் இருந்துச்சு, கல்லுமாவு, அரிசிமாவா இருந்தா அதுவே தீனி ஆயிடும், அத ஓட்டைக்கு உள்பக்கம் பலகை மேல தூவி வச்சோம். மொத ராத்திரி தடம் விழுந்திருந்துச்சு. அஞ்சு வெரலும் விரிஞ்சு, அப்படியே கைக்குழந்தை மாவுல கை வச்ச மாதிரி. பாப்பா தன் கைய பக்கத்துல வச்சுப் பாத்தா. திரும்பவும் பத்து நாள் பொறுத்தோம், திரும்பத் தூவுனோம், இந்த வாட்டி வரிசையா நாலு ராத்திரி கோலப்பொடி கலையல. அப்பவும் அடைக்கல, செப்டம்பர் வரைக்கும் விட்டுட்டோம், எனக்கு தைரியம் வரல.

சுத்தம் பண்ணுனதப் பத்தி கொஞ்சம் நீளமா சொல்லணும், இதுலதான் நெறைய பேர் ஏமாறுறாங்க. ரக்கூன் எங்க பாத்தாலும் போகாது, ஒரு எடத்த கக்கூஸ்னு வச்சிக்கும், எங்க மச்சுல புகைபோக்கி ஓரமா ஒரு குவியல். அதுல உருண்டைப் புழு முட்டை இருக்கும், இந்தப் பகுதி ரக்கூன்கள்ல பெரும்பாலானதுக்கு அந்தப் புழு உண்டு. மனுஷங்களுக்கு வர்றது ரொம்ப அபூர்வம், ஆனா வந்தா புழு உடம்புக்குள்ள அலைஞ்சு கண்ணையும் மூளையையும் பாதிக்கும், மண்ணுல வெளையாடிட்டு கைய வாயில வைக்கிற கொழந்தைங்களுக்குதான் ஆபத்து. புதுசா விழுந்த எச்சத்துல முட்டை ஒடனே தொத்தாது, முதிர ரெண்டுல இருந்து நாலு வாரம் ஆகும், அதனால கண்டதும் எடுத்துட்டா பயமில்ல, பழசுதான் மோசம், வருஷக்கணக்கா உயிரோட கெடக்கும். டெட்டால் பினாயில் எல்லாம் அதுக்கு ஒண்ணும் பண்ணாது, கொதிக்கிற தண்ணிக்குத்தான் சாகும். காஞ்சத பெருக்காதீங்க, தூசியா பறந்து மூக்குல வாயில போயிடும், மொதல்ல தண்ணி தெளிச்சு நனைங்க. கிளவுஸ், நல்ல மாஸ்க், அப்புறம் தூக்கி எறியிற மாதிரி பழைய உடுப்பு, பை ரெண்டு போட்டு கட்டி குப்பையில, எடத்துல கொதிக்கக் கொதிக்க தண்ணி. குளிருக்காக ஓட்டுக்கு அடியில பஞ்சு மாதிரி வச்சிருப்பாங்களே, அதக் கழுவ முடியாது, நனைஞ்சத எல்லாம் வெட்டி எடுத்துட்டு புதுசு போட்டோம், செலவுல பாதி அதுக்குதான் போச்சு. பாப்பாவோட மணல் தொட்டிக்கு பலகை மூடி செஞ்சு போட்டோம், தோட்டத்துல மண்ணு மணல் எங்க தெறந்து கெடந்தாலும் அதுக்கு அது கக்கூஸ்தான். வெறிநாய்க்கடி பயத்துல சில பேர் ரக்கூன் கிட்டயே போக மாட்டாங்க, அமெரிக்காவுல அது நியாயமான பயம், ஆனா ஜெர்மனியில காட்டு விலங்குங்க மூலமா வர்ற ரேபிஸ் 2008லயே ஒழிஞ்சதா அறிவிச்சிட்டாங்க, வௌவால் மட்டும்தான் விலக்கு. நாய் வளக்குறவங்க டிஸ்டெம்பர்ங்குற வைரஸ் நோய்க்கான ஊசிய விடாதீங்க, அந்த நோய் ரக்கூனுக்கும் வரும்.

செப்டம்பர்ல கூரைய முழுசா சரி பண்ணோம், ஓரத்து ஓடெல்லாத்தையும் கொக்கி போட்டு, புகைபோக்கி வாய்க்கு கம்பி வலை (இது புகைபோக்கி பரிசோதிக்கிறவர் கிட்ட கேட்டுட்டுதான் போடணும், காத்து அடைச்சா வீட்டுக்குள்ள விஷப்புகை நிக்கும்). தண்ணி பைப்ப சுத்தி ஒரு மீட்டர் நீளத்துக்கு வழுவழுன்னு தகரம், நகம் புடிக்க எடமே இருக்கக் கூடாது, சும்மா கம்பி முள்ளு சுத்துனா அதையே படியா வச்சு ஏறிடும். பிளம் மரத்துல கூரைப் பக்கம் சாஞ்ச கெளைகளையும் வெட்டுனோம், தகரம் போட்டுட்டு கெளைய விட்டா கதவப் பூட்டி ஜன்னலத் தொறந்து வச்ச மாதிரி. விழுந்த பழத்த தெனமும் சாயங்காலம் பொறுக்குறது பாப்பா வேலை.

தகரம் போட்ட மூணாவது ராத்திரி அது வந்துச்சு. நான் பாத்ரூம் ஜன்னல்ல நின்னு பாத்தேன், வெளக்கு போடல. ஒரு குட்டி கூட இருந்துச்சு, இன்னொண்ணு என்னாச்சுன்னு தெரியல. தாய் பைப்ப கட்டிப் புடிச்சு தகரம் வரைக்கும் ஏறி, வழுக்கி, திரும்ப ஏறி, அப்புறம் ஒரு கையால மட்டும் அந்தத் தகரத்த மெல்ல மெல்லத் தடவிப் பாத்துச்சு, ஏதாவது விளிம்பு இருக்கான்னு. ஒரு அஞ்சு நிமிஷம் இருக்கும். எனக்கு அழுகை வந்துச்சு, ஆனா கீழ போயி ஒரு கைப்பிடி வைக்கணும்னு தோணல, அந்த வித்தியாசம் எனக்கு ஒரு வருஷத்துக்குப் பிறகுதான் வந்துச்சு. அப்புறம் எறங்கி, வேலியோரமா நடந்து, இருட்டுல போயிடிச்சுங்க.

அடுத்த வருஷம் அத்தை திரும்ப வந்தாங்க. காக்கா சோறு நிக்கல, நிறுத்தச் சொல்ற எண்ணமும் எனக்கு இல்ல. காலையில வெளிச்சம் வந்த பிறகு ஒரு சின்ன உருண்டை, எண்ணெய் உப்பு எதுவும் சேக்காம, அத்தை ஜன்னலுக்கு உள்ள நாற்காலி போட்டு உக்காந்திருப்பாங்க, காக்கா வந்து எடுத்த பிறகு தட்ட உள்ள எடுத்துட்டு வந்துதான் காபி குடிப்பாங்க. ஒரு மணி நேரத்துல வரலன்னா தட்டு உள்ள வந்துடும். இந்த காக்காங்களும் அந்த நேரத்துக்குப் பழகிடிச்சு. படையல் அன்னைக்கு மட்டும் அத்தைக்கு மனசு கேக்காது, ஆனா அன்னைக்கும் இருட்டுறதுக்கு முன்னாடி அவங்களே போய் எடுத்துட்டு வந்துட்டாங்க. பாப்பா மேடைய ஈரத்துணியால தொடச்சா, வாசனை கூட இருக்கக் கூடாதாம்.

இந்த ஏப்ரல்ல மூணாவது வீட்டு மச்சுல சத்தம் கேக்க ஆரம்பிச்சிருக்கு. அவங்க புதுசா குடி வந்தவங்க, சின்னக் கொழந்தை வேற, கூரைக்காரர நாளைக்கே வரச் சொல்லியிருக்கோம்னு சொன்னாங்க. நானும் வீட்டுக்காரரும் அன்னைக்கே போயி உக்காந்து பேசுனோம், அந்தக் குட்டிக் கதையவும் சொன்னேன், அவங்க கூரைக்காரருக்கு போன் பண்ணி செப்டம்பருக்கு மாத்திட்டாங்க. ஜூன் கடைசியில ரேடியோவும் கோலப்பொடியும் எங்க வீட்ல இருந்து போகணும், ஏணியும்தான்.